வேறொரு வாசல் – 14: மனம் வாய்த்த மரம்

காஞ்சிபுரத்தில் ஒரு மரத்துக்கு மனம் உண்டு என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் நான்கு கிளைகளும் நான்கு சுவையில் காய்க்கும் என்று கேட்டுத்தான் இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். குமரகோட்டத்தில் அர்ச்சகராக இருந்த கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில், தோற்றுக்கொண்டிருக்கும் சூரபன்மன் கடைசியில் கடல் நடுவே மாமரமாகி நிற்கிறான். கோபமும் பிடிவாதமும் பயமும் ஒரு மரத்துக்குள் இருக்கலாம் என்பது இந்த ஊர் எப்போதோ ஒப்புக்கொண்ட விஷயம்.

அதனால் இந்த வாரத்து எழுத்தாளரைக் காஞ்சி வாசகர்களுக்கு அறிமுகம் செய்வது எளிது. அவரும் ஒரு மரத்துக்கு மனம் கொடுத்தவர். அப்போது அவர் சிறுவன்.

டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் 1989-ல் பிறந்தவர். வங்காளிக் குடும்பம், வளர்ந்ததெல்லாம் நமக்குப் பக்கத்திலேயே, மைசூரிலும் பெங்களூரிலும். மூன்று வயதை ஒட்டி ஆட்டிசம் என்று சொல்லப்பட்டது. பேச்சு வரவில்லை. ஆனால் 2000-ல், 11 வயதில், அவருடைய முதல் ஆங்கிலப் புத்தகம் 'பியாண்ட் தி சைலன்ஸ்' லண்டனில் வெளியானது. 2003-ல் அமெரிக்காவில் அதே நூல் 'தி மைண்ட் ட்ரீ' என்ற பெயரில் வந்தது. அந்தப் பெயர் அதிலுள்ள ஒரு கதையின் பெயர்.

கதை சொல்வது ஒரு மரம். யாரோ அதற்கு ஒரு மனத்தைக் கொடுத்துவிட்டார்கள். கண் கொடுக்கவில்லை, வாய் கொடுக்கவில்லை. இப்போது பகலா இரவா என்பதுகூட அதற்கு உடனே தெரியாது. வெயில் மேலே பட்டுச் சூடு ஏறினால்தான் பகல். நினைக்க முடிகிறது, நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. சுற்றிலும் உலகம் தன்பாட்டுக்கு நடக்கிறது, மரம் காத்திருக்கிறது.

இதைப் படித்தவுடன் 'ஓ, பையன் தன்னைத்தான் சொல்கிறான்' என்று மூடி வைத்துவிடுவது சுலபம். அப்படி மூடியவர்கள் நிறையப் பேர். எனக்கு அது அவருக்குச் செய்யும் அநியாயமாகவே படுகிறது. தன் குறையைச் சொல்ல நினைக்கும் குழந்தை அழும், புலம்பும். இந்தக் குழந்தை பாத்திரம் படைக்கிறது. அந்தப் பாத்திரத்துக்கு எந்தப் புலன் இருக்க வேண்டும், எது கூடாது என்று முடிவு செய்கிறது. முடிவு செய்ததைக் கதை முழுக்கக் காப்பாற்றுகிறது. மாயக்கதை எழுதுகிறவர்களுக்கு இதுதான் கடினமான வேலை. தேர்ந்த கைகளே பாதி வழியில் தடுமாறி, கண்ணில்லாத பாத்திரத்தை எதையாவது பார்க்க வைத்துவிடும்.

இந்தக் கை எங்கே பழகியது? அம்மா சோமா வேதியியல் படித்தவர். மகன் தலையசைக்க மாட்டான், முகம் பார்க்க மாட்டான், புரிகிறதா என்று காட்ட மாட்டான். அவனுக்கு அவர் டிக்கன்ஸ் படித்துக் காட்டினார், தாமஸ் ஹார்டி படித்துக் காட்டினார், ஷேக்ஸ்பியர் படித்துக் காட்டினார். இந்த வயதுக்கு இது போதும் என்று அளந்து கொடுக்கவில்லை. எழுத்துகளும் எண்களும் எழுதிய பலகையில் விரல் வைத்துக் காட்டப் பழக்கினார். பிறகு பென்சில். பிடி நிற்காத விரல்களோடு பென்சிலை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டார். தினமும் எழுதியாக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். போன வாரம் பார்த்த எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரும் விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டுத்தான் கூலி வேலைக்குப் போனார். எழுத்தாளராவதற்கு டிட்டோவுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

அம்மா படித்த கதைகள் ஒரு பக்கம் என்றால், டிட்டோவுடைய கண்ணும் காதும் வேலை செய்த விதம் இன்னொரு பக்கம். 2008-ல் வந்த 'ஹௌ கேன் ஐ டாக் இஃப் மை லிப்ஸ் டோன்ட் மூவ்' நூலில், சின்ன வயதில் கண்ணாடிக்குள் கதைகள் இருப்பதாக நம்பி அதன்முன் காத்திருந்ததை எழுதுகிறார். புது அறைக்குள் போனால் கதவு அவருக்குக் கதவாகத் தெரிவதில்லை. முதலில் ஒரு நிறம் தெரிகிறது. அந்த நிறத்திலேயே மனம் கொஞ்ச நேரம் நிற்கிறது. பிறகு அது ஒரு நீள்சதுரம் என்று தெரிகிறது. பிறகு கீல் கண்ணில் படுகிறது; அது எப்படி வேலை செய்கிறது என்று யோசனை ஓடுகிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் 'கதவு' என்ற முடிவு. நமக்கு இமைக்கும் நேரத்தில் முடிகிற காரியம் அவருக்கு ஒரு பயணம். அன்றாட வாழ்க்கைக்கு இது பெரும் பாரம்தான். எழுத்துக்கோ இதைவிடப் பெரிய கொடை கிடையாது. பழகிய பொருளை முதல்முறை பார்ப்பதுபோலக் காட்டத்தானே மாயக்கதைக்காரர்கள் இத்தனை பாடுபடுகிறார்கள்!

ஆட்டிசம் உள்ளவர்களின் கற்பனையைப் பற்றி அந்தக் காலத்து மருத்துவ நூல்கள் வேறு மாதிரி சொல்லின. 1979-ல் லோர்னா விங், ஜூடித் கூல்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஆட்டிசத்தை மூன்று குறைபாடுகளின் கூட்டாக விளக்கினார்கள். பழகுவதில் சிரமம், தொடர்புகொள்வதில் சிரமம், மூன்றாவது கற்பனையில் சிரமம். உலகம் முழுக்க அதைப் பாடமாகப் படித்தது. 1999-ல் டிட்டோவை லண்டனுக்கு அழைத்துப் பார்த்த நிபுணர்களில் அதே லோர்னா விங்கும் ஒருவர். கற்பனை வராது என்று வகுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து ஒரு சிறுவன், மரத்தைப் பேசவைத்த கதையோடு அவர்முன் வந்து நின்றான்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சோமா தன் முறையைப் பிறகு அமெரிக்காவில் மற்றக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். எழுத்துப் பலகையை இன்னொருவர் பிடித்திருக்கும்போது வருகிற சொற்கள் குழந்தையுடையவையா, பிடித்திருப்பவருடையவையா என்ற கேள்வி எழுந்தது. 2018-ல் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் இந்த முறையைப் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்தது. கேள்வி நியாயமானது, ஏராளமான பெற்றோரின் பணமும் நம்பிக்கையும் இதில் இருக்கிறது. டிட்டோ தன் கையால் பென்சில் பிடித்தும் தட்டச்சு செய்தும் எழுதுகிறவர் என்பதால் அவரை அந்தக் கணக்கில் அப்படியே சேர்க்க முடியாது. ஆனாலும் சந்தேகம் அவரையும் விட்டபாடில்லை. கச்சியப்பர் தினமும் பாடிய ஏடுகளைக் கருவறையில் வைத்துப்போக, முருகனே திருத்திக் கொடுத்தான் என்பது குமரகோட்டத்து ஐதீகம். அப்படியிருந்தும் அரங்கேற்றத்தில் முதல் சொல்லுக்கே இலக்கணம் கேட்டுச் சபை மறித்ததாம். வந்த வழி விளங்காத எழுத்து எதுவானாலும் ஊர் நிறுத்திக் கேட்கும். கேட்கட்டும். கேட்டு முடித்த பிறகாவது கதையைப் படிக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீடு. கோர்வைச் சேலை தறியில் ஓடுகிறது. பக்கத்தில் எட்டு வயதுப் பையன் தார்க்குச்சிகளை ஒரே நேர்கோட்டில் அடுக்கிக்கொண்டிருக்கிறான். பேச்சு இல்லை. நான் ஏதோ கேட்கப்போனால் பெரியவர் ஒருவர், "அவனுக்கு என்ன சார் தெரியும், சொன்னா ஒண்ணும் ஏறாது" என்றார், பையனுக்கு முன்னாலேயே. அவன் அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அப்படி இல்ல சார். தறிச் சத்தம் நின்னா உடனே திரும்பிப் பார்ப்பான். இழை அறுந்தது எங்களுக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும்." பெரியவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவன் வாங்கியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

டிட்டோ பிறகு அம்மாவோடு அமெரிக்கா போனார். 'தி கோல்ட் ஆஃப் தி சன்பீம்ஸ்' சிறுகதைகள் 2005-ல் வந்தன. சிறப்புப் பள்ளி அனுபவங்களைச் சொல்லும் 'பிளாங்டன் ட்ரீம்ஸ்' 2015-ல். ரால்ஃப் ஜேம்ஸ் சவரீஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் அவரோடு 'மோபி டிக்' நாவலின் 135 அத்தியாயங்களையும் ஸ்கைப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து விவாதித்திருக்கிறார். அந்த அனுபவத்தை அவர் 2018-ல் எழுதிய 'சீ இட் ஃபீலிங்லி' நூலில் பார்க்கலாம். இலக்கியம் படித்தவர்களே பாதியில் வைத்துவிடும் நாவல் அது.

தமிழில் யெஸ்.பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்', 'துலக்கம்' நாவல் போன்ற நூல்கள் பெற்றோருக்குக் கைகொடுத்திருக்கின்றன. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. முட்டுக்காட்டில் 2005 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. 2019-ல் மாவட்டம் பிரியும் வரை அந்த ஊர் நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் போக வேண்டிய இடம் அந்த நிறுவனம். போகத் தயங்காதீர்கள்.

கதைக்கு மட்டும் எங்கேயும் போக வேண்டாம். பேசாத குழந்தை வீட்டில் இருந்தால் இன்று இரவே ஒரு கதையை எடுத்துச் சத்தமாகப் படியுங்கள். கேட்கிறானா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே படிக்காதீர்கள். 'அ, ஆ'வோடு நிறுத்தாதீர்கள். நல்ல கதை, பெரிய கதை, உங்களுக்கே பிடித்த கதையாக இருக்கட்டும். எல்லாக் குழந்தையும் டிட்டோபோல எழுதும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள், அதற்காகக் காசும் கட்டாதீர்கள். எழுதினாலும் எழுதாவிட்டாலும் கதை கேட்க அந்தக் குழந்தைக்கு உரிமை இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து 'இதுக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்வதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

(தொடரும்)