ஹேண்டிலில் 'டக் டக்' சத்தமா?

சகோதரிகளே, நாம் பால் கேன் ஏற்றிப்போகும் பழைய வண்டியில் முன் பிரேக் பிடித்ததும் ஹேண்டிலில் 'டக் டக்' என்கிறதா? கோன் செட் லூஸாகியிருக்கலாம். சுமையோடு போகையில் வண்டி அலைபாய்ந்து ஆளைத் தள்ளிவிடும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கம் ஒருத்தர் அமுக்கினால் முன்சக்கரம் தூக்கும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. ஆடினால் மேல் நட்டைத் தளர்த்தி, கீழே உள்ள வளைய நட்டை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் திருப்பணும். மேல் நட்டை முறுக்கியபின் மறுபடி பார்க்கணும்.

"நல்லா இறுக்கிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, ஹேண்டில் திரும்பாமல் நாங்களே தடுமாறியிருக்கிறோம். அது இரண்டு பக்கமும் தானாகச் சாயணும். நடுவில் வந்து பிடிக்கிறதா? கிண்ணத்தில் பள்ளம் விழுந்திருக்கும். இறுக்கிப் பயனில்லை. புதுக் குண்டு மட்டும் போட்டால் காசு வீண். செட்டாக மாற்றி, கிரீஸ் வைக்கச் சொல்லுங்க.