பறவைக் காய்ச்சல்: மத்திகிரி ஏன் கவனிக்கணும்?

2012 அக்டோபரில் பெங்களூரு அருகே ஹெசரகட்டா அரசுக் கோழிப் பண்ணையில் எச்5என்1 வைரஸ் பரவியது. கோழி வளர்ப்புக்கென்றே கல்லூரி இருக்கும் மத்திகிரிக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வரும் பகுதி இது.

மனிதருக்கு இந்த வைரஸ் லேசில் தொற்றாது. தொற்றினால் உயிருக்கே ஆபத்து. 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் 11 வயதுச் சிறுவன் இறந்தது, இந்தியாவில் பதிவான முதல் மரணம். ஆளுக்கு ஆள் எளிதில் பரவும்படி வைரஸ் மாறினால் பெருந்தொற்றுதான்.

ஒசெல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ‘லீவு போட்டா சம்பளம் போச்சே’ என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போகிறவருக்கு அந்த நேரம் அங்கேயே கரைந்துவிடும். சம்பளத்தோடு லீவு தருவதும் மருத்துவ ஏற்பாடுதான். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், வீட்டுக் கோழி செத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிடுங்க.