மங்கு: தேய்த்தால் போகாது

அக்காவுக்கு இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது இரண்டு கன்னத்திலும் பழுப்பாகப் படர்ந்தது. "மங்கு விழுந்திருக்கு, ஜாதிக்காய் இழைச்சுப் போடு" என்றார் பெரியம்மா. பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு இது தானாக மங்கும், அக்காவுக்குப் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து, யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கினாள். சில வாரத்திலேயே முகம் பளிச்! விடாமல் எட்டு மாதம் போட்டாள். நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது. மங்கு முன்னைவிடக் கருப்பாகத் திரும்பி வந்தது. அப்புறம்தான் நான் இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

மங்குக்கு மருத்துவப் பெயர் மெலாஸ்மா. தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்பவை மெலனோசைட் செல்கள். மங்கு உள்ள இடத்தில் இவை அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. பரம்பரை, கர்ப்பம், கருத்தடை மாத்திரை, எல்லாவற்றோடும் வெயில் இவற்றைத் தூண்டிவிடும். ஆக, இது அழுக்கு இல்லை. அழுத்தித் தேய்த்தால் எரிச்சல்தான் வரும். எரிச்சல் இன்னும் கருக்க வைக்கும். எலுமிச்சைச் சாறும் அப்படித்தான்.

க்ரீம் அட்டையைப் பார்த்தேன்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெடாசோன். கடைசியாக இருப்பது ஸ்டீராய்டு. இந்த வகைக் கூட்டுமருந்தை 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் க்ளிக்மன் அறிமுகப்படுத்தினார். மருந்து மோசமில்லை; டாக்டர் பார்வையில் சில வாரம் போட வேண்டியது. மாதக்கணக்கில் போட்டால் ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும், பரு வரும். ஹைட்ரோகுவினோனை வருஷக்கணக்கில் போட்டால் நீலக்கருப்பாகவே படியலாம்.

அப்போ என்னதான் வழி? முதலில் சன்ஸ்கிரீன். புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். அதனால் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீன் நல்லது. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கூடவே குடை. அசெலாயிக் அமிலம் போன்ற மற்ற மருந்துகளை டாக்டர் முடிவு செய்யட்டும். டிரானெக்சாமிக் அமில மாத்திரையை நீங்களாக வாங்காதீங்க. ரத்தக்கட்டு ஆபத்து உள்ளவர்களுக்கு அது ஆகாது.

அக்காவுக்கு எரிச்சல் அடங்கவே நாலு மாதம் ஆனது. மங்கு இப்போ பாதி குறைந்திருக்கு. ஒரு கோடை அசந்தால் திரும்பும் என்று அவளுக்கும் தெரியும்.

உங்க வீட்டிலும் அப்படி ஒரு ட்யூப் இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்க. மொமெடாசோன், ஃப்ளூசினோலோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ரொம்ப நாளாகப் போடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல், ட்யூபையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்க.