பழைய புல்லட்டும் புதிய பிஸ்டனும்

இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் உருவாகி, 1955-ஆம் வருஷத்தில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரின் கூட்டுறவோடு சென்னைக்குக் குடிபெயர்ந்து, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் தலைமுறை தலைமுறையாகத் தயாராகிவந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் 350 சி.சி. எஞ்சின், 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஓட்டமும் என்ற தன் அடிப்படை அளவை மிக நெடுங்காலம் மாற்றிக்கொள்ளவே இல்லை. ஆகையால், ஓய்ந்து கிடக்கும் பழைய வண்டியொன்றை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவருக்குச் சிலிண்டரும் பிஸ்டனும் கிடைப்பதில் கஷ்டமில்லை. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் புதுப்பேட்டையின் பழைய சாமான் குவியல்களிலும் தேடுகிறவர் கைக்கு அகப்படும் பலவற்றுள் எதை எடுப்பது, எதை விலக்குவது என்பதில்தான் கஷ்டம் அனைத்தும் இருக்கிறது.

பட்டறைகளில் ‘பிளாக் பிஸ்டன்’ என்று கேட்டால் கொடுக்கும் புதிய ஜோடியை வாங்கி மாட்டிவிடுவதே பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி. ஆனால், விரிசலும் உடைந்த குளிர்விப்புச் செதில்களும் இல்லாத பழைய அசல் சிலிண்டர் ஒன்று வண்டியோடு வந்திருக்குமானால், பெயர் தெரியாத எந்தப் புதுச் சிலிண்டரையும்விட அதுவே உத்தமமானது என்பது என் திடமான அபிப்பிராயம். வார்ப்பிரும்பு அச்சிலிருந்து வெளிப்பட்டு ஆறும்போது, தடித்த இடம் ஒரு வேகத்திலும் மெல்லிய செதில்கள் வேறொரு வேகத்திலும் குளிர்வதால், அந்த இழுவிசைகள் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அவை தணிவதற்குமுன் அவசரமாகப் போர் செய்யப்பட்ட, அதாவது உட்புறம் கடையப்பட்ட, சிலிண்டர், சில நூறு கிலோமீட்டர் ஓடிச் சூடேறி ஆறிய பிறகு தன் வட்டத்தை இழந்துவிடக்கூடும். வருஷக்கணக்கில் சூடேறியும் ஆறியும் வந்த பழைய இரும்போ, நெளிய வேண்டிய மட்டும் நெளிந்து அடங்கிவிட்ட ஒன்று.

அந்தப் பழைய சிலிண்டரை அளந்து பார்க்காமல் நம்பிவிடலாகாது. மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களிலும், ஒவ்வொரு மட்டத்திலும் முன்பின்னாக ஒரு தடவையும் பக்கவாட்டில் ஒரு தடவையும் போர் கேஜ் வைத்துப் பார்த்தால், மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பிஸ்டன் சாய்ந்து தேய்க்கும் முன்பின் திசையில், தேய்மானம் மிகுந்திருப்பது சாதாரணமாகத் தெரியவரும். அந்தத் தேய்மானத்தை முழுவதும் நீக்குவதற்கு எவ்வளவு குறைவாகக் கடைந்தால் போதுமோ அவ்வளவே கடைவது விவேகம். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.020, 0.040, 0.060 அங்குலம் எனப் படிப்படியாகக் கிடைக்கின்றன என்பதற்காக, கனத்த பிஸ்டன் போட்டால் வேகம் கூடும் என்று கருதி முதல் படியைத் தாண்டுகிறவர்கள், விட்டம் முழுசாக ஒரு மி.மீ. பெருத்தாலும் கொள்ளளவு 346 சி.சி.யிலிருந்து 356-க்கே உயர்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. நூற்றுக்கு மூன்றுகூட நிறையாத அந்த லாபத்துக்காக, அடுத்த முறை கடைவதற்கென்று மிஞ்சியிருக்க வேண்டிய இரும்பை அவர்கள் செலவழித்துவிடுகிறார்கள்.

இனிப் பிஸ்டன். லேத் பட்டறைக்குச் சிலிண்டரை மட்டும் அனுப்பி, பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணுக்குக் கடைந்து தரச் சொல்லும் வழக்கம் உடனே கைவிடத்தக்கது. பிஸ்டனை முதலில் வாங்கி, பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கான திசையில், பாவாடைப் (ஸ்கர்ட்) பகுதியின் அடிப்புறத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவோடு வேண்டிய இடைவெளியைச் சேர்த்த பிறகே சிலிண்டரைக் கடைய வேண்டும். பிஸ்டனுக்கு வழங்கும் அலுமினியக் கலவை, 70 மி.மீ. விட்டத்தில், உஷ்ணம் 100 டிகிரி ஏறும்போது ஏறத்தாழ 0.14 மி.மீ. விரிகிறது, வார்ப்பிரும்போ அதில் பாதிக்குச் சற்று அதிகமாக, 0.08 மி.மீ. அளவே விரிகிறது. மேலும் பிஸ்டன் எப்போதும் சிலிண்டரைவிட அதிகச் சூடாகவே இருக்கிறது. முன்புறச் செதில்களுக்குக் காற்று கிடைக்க, பின்புறம் அதன் நிழலில் வெந்துகொண்டிருக்கும் புல்லட்டைச் சித்திரை மாத வெயிலில் சாலை நெரிசலுக்குள் செலுத்தும்போது, குளிர்ந்த நிலையில் ‘கச்சிதமாக’ இருந்த பிஸ்டன் திடீரென்று இறுகி நின்றுவிடுவது இதனால்தான். காலையில் வண்டியைக் கிளப்பும்போது பிஸ்டன் லேசாகத் தட்டுகிற ஓசை கேட்டால், இரும்புச் சிலிண்டரைப் பொறுத்தவரை அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் பலமுடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவ்வகைக் கலவைகளுள் பல, சிலிக்கன் மிகுந்த வார்ப்புக் கலவையைவிட அதிகமாக விரிவதால், இடைவெளியையும் கூடுதலாகக் கேட்கின்றன. நிமிஷத்துக்கு 4,000 சுற்றில் புல்லட்டின் பிஸ்டன் வினாடிக்குச் சராசரியாக 12 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதற்குமேல் நெடுநேரம் ஓட்டப்படாத வண்டிக்கு, நல்ல நிறுவனத்தின் வார்ப்புப் பிஸ்டனே தாராளம். சத்தமில்லாமல் ஓடுவதற்காகப் பாவாடையில் நீளக் கீறல் விட்டுச் செய்யப்பட்ட பழைய பிஸ்டன்களை, புத்தம் புதிதாகவே கிடைத்தாலும், நெடுஞ்சாலைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். எதை வாங்கினாலும் பழைய பிஸ்டனையும் புதியதையும் பின்னோடும் ரிங்குகளோடும் தராசில் நிறுத்துப் பார்ப்பது அவசியம். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் கிராங்கின் எதிர்ப்பாரம் பழைய எடைக்கே அமைக்கப்பட்டதாதலால், எடை மாறினால் கைப்பிடியிலும் கால்மிதியிலும் அதிர்வின் சுபாவமே மாறிவிடும்.

பிஸ்டனின் தலை எவ்வளவு உயரலாம், அதனால் அழுத்த விகிதம் எவ்வளவு ஏறலாம் என்பது அடுத்த பிரச்னை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய இங்கிலாந்தில் தரம் தாழ்ந்த பெட்ரோலுக்கு இசைய, 6.5-க்கு 1 என்ற தணிந்த அழுத்த விகிதத்தோடு பிறந்த எஞ்சின் இது. 91 ஆக்டேன் பெட்ரோலில் ஏழு, ஏழேகால் வரை செல்வதில் ஆட்சேபமில்லை. எட்டுக்கு மேல் போகும் ஆசையை, காற்றை மட்டுமே நம்பியிருக்கும் இரும்புச் சிலிண்டருக்குள் புகுத்தலாகாது.

கடைசி ஓவர்சைஸும் தேய்ந்துபோன சிலிண்டரைக் கழிவென்று ஒதுக்குவதும் நியாயமில்லை. உள்ளே லைனர் இறக்கி மீண்டும் 70 மி.மீ.க்குக் கொண்டுவரலாம், லைனருக்கும் பழைய சுவருக்கும் நடுவே இம்மியும் சந்து இல்லாமல் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் உஷ்ணம் செதில்களுக்குக் கடக்கும் என்பதால், இந்த வேலையைத் தெரிந்த கையில்தான் ஒப்படைக்க வேண்டும். போர் முடிந்தபின், குறுக்கும் நெடுக்குமாகக் கோடு தெரியும்படி ஹோனிங் செய்து, சோப்புத் தண்ணீரால் வெள்ளைத் துணியில் கறை படாத வரைக்கும் கழுவி, ரிங் ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்து, விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நான்கு தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வீதம், புல்லட்டுக்குச் சுமார் பதினொரு தௌ இருக்கும்படி அராவிச் சேர்க்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர்களில் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடாமல், மிதமான பாரத்தோடு வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டினால் ரிங்குகள் விரைவில் படியும். அதன்பின் ஆயிலை மாற்றி, எஞ்சின் முற்றும் ஆறியிருக்கும் காலை வேளையில் ஹெட் நட்டுகளை மறுபடியும் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும்.