மார்மன் இளைஞரின் ஈராண்டு ஊழியம்

வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை என்ற வழக்கமான கோலத்தில், எப்போதும் இருவர் இருவராகவே, உலகின் பல நகரங்களில் நடந்தோ சைக்கிளிலோ செல்லும் இளைஞர்கள், வெளியுலகம் மார்மன்கள் என்று அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியக்காரர்கள் ஆவர். 1830 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் நிறுவப்பட்டு, இன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இச்சபை, பைபிளோடு மார்மன் புத்தகம் என்னும் நூலையும் வேதமாக ஏற்பதால், மற்றக் கிறிஸ்தவத் திருச்சபைகளிலிருந்து விலகி நிற்கிறது; 'மார்மன்' என்ற வழக்குப் பெயரைத் தவிர்த்து முழுப் பெயரையே பயன்படுத்துமாறு 2018-இல் அதன் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் இச்சபைக்கு உலகெங்கும் சுமார் 1 கோடியே 75 லட்சம் உறுப்பினர்களும், முழுநேரமாகக் கற்பிக்கும் ஊழியக்காரர்கள் 74 ஆயிரம் பேரும் இருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை அண்மையில் முடித்தவர்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. இவர்களுடைய போதனை சரியா தவறா என்பது இறையியலாளர் ஆராய வேண்டிய செய்தி; அதைப் போதிக்கச் செல்லும் இளைஞரின் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது, அந்த நாள்கள் அவரை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதோ எல்லாருக்கும் உரிய செய்தி.

சபை தோன்றிய ஆண்டிலேயே ஜோசப் ஸ்மித்தின் தம்பி சாமுவேல் புத்தகக் கட்டோடு ஊர் ஊராகப் புறப்பட்டார் என்பதிலிருந்து, ஊழியம் இச்சபையின் பிறப்போடு பிறந்தது என அறியலாம். 1837-இல் ஊழியக்காரர்கள் இங்கிலாந்துக்குச் சென்றனர்; 1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் சகாக்களோடு சென்னைக்கே வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கி, இதழ் ஒன்றையும் அச்சிட்டுப் பிரசாரம் செய்து, மிகச் சிலரையே சேர்க்க முடிந்த நிலையில் திரும்பிச் சென்றார். அக்காலத்து ஊழியக்காரர் பலர் மனைவி மக்களை விட்டு, கையில் காசின்றி, போகும் இடத்து மக்கள் இடும் உணவை நம்பிப் பயணப்பட்ட குடும்பஸ்தர்கள். காலப்போக்கில் அந்தப் பொறுப்பு மணமாகாத இளைஞர்களின் தோளுக்கு மாறியது. தகுதியுள்ள ஒவ்வோர் இளைஞனும் ஊழியத்துக்குச் செல்ல வேண்டும் என்று 1974-இல் அப்போதைய தலைவர் ஸ்பென்சர் கிம்பல் வலியுறுத்திய பின், அது ஆண்களுக்கு ஏறக்குறைய ஒரு கடமையாகவே உறைந்துவிட்டது. பெண்களுக்கு அது விருப்பம் மட்டுமே. 2012 அக்டோபரில் ஊழியத்துக்கான குறைந்த வயது ஆண்களுக்கு 19-இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-இலிருந்து 19 ஆகவும் குறைக்கப்பட்டபோது விண்ணப்பங்கள் குவிந்தன. ஆண்கள் இருபத்து நான்கு மாதமும் பெண்கள் பதினெட்டு மாதமும் ஊழியம் செய்கின்றனர்.

எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை இளைஞர் தேர்ந்தெடுப்பதில்லை. உள்ளூர்ச் சபையை நடத்தும் பிஷப்பும், அவருக்கு மேலுள்ள வட்டாரத் தலைவரும் நேர்காணல் செய்து, மது, புகை, பாலொழுக்கம், தசமபாகம் என்னும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை ஆகியவற்றில் அவர் நெறி தவறாதவர் எனக் கண்ட பின், விண்ணப்பம் சால்ட் லேக் சிட்டிக்குச் செல்கிறது; அங்கே அப்போஸ்தலர் எனப்படும் மூத்த தலைவர்களுள் ஒருவர், இறைவழிகாட்டலை நாடிய பின் அவருக்குரிய இடத்தைக் குறிக்கிறார் என்பது சபையாரின் நம்பிக்கை. முன்பு தபாலில் வந்த அந்த அழைப்புக் கடிதம் இப்போது இணையவழி வருகிறது. குடும்பமும் நண்பர்களும் கூடியிருக்க அதைத் திறந்து வாசிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. பிரேசிலா, கானாவா, பக்கத்து மாநிலமா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன்பின் யூட்டாவின் பிரோவோ நகரிலோ, வேறு நாடுகளிலோ உள்ள ஊழியப் பயிற்சி மையத்தில், புதிய மொழி கற்க வேண்டியவர்கள் ஏறத்தாழ இரண்டு மாதம் பயில்கின்றனர். பிரோவோ மையத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. வந்த சில நாள்களிலேயே, நேற்றுவரை கேட்டறியாத மொழியில் ஜெபம் செய்யவும் தம் நம்பிக்கையைச் சொல்லவும் மாணவரைப் பழக்குவது அங்குள்ள முறை.

இந்த ஊழியத்தின் இயல்பு துலங்கித் தெரியும் களங்களுள் ஜப்பான் ஒன்று. 1901 ஆகஸ்டில் ஹீபர் கிராண்ட் என்ற அப்போஸ்தலர் யோகோஹாமாவில் இறங்கித் தொடங்கிய பணி, 1909-இல் மார்மன் புத்தகத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு வெளிவந்தும் வேர்கொள்ளாமல் 1924-இல் மூடப்பட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948-இல் மீண்டும் தொடங்கியது. கிறிஸ்தவர்கள் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே உள்ள அந்நாட்டில், சப்போரோ முதல் ஃபுகுவோகா வரை இன்றும் ஊழியக்காரர்கள் சைக்கிள் மிதிக்கின்றனர்.

அவர்களுடைய நாள் காலை 6.30 மணிக்கு விழிப்பதில் தொடங்குகிறது. முழந்தாளிட்டு ஜெபம், அரைமணி உடற்பயிற்சி, குளியல், சிற்றுண்டி, தனித்து வேத வாசிப்பு, பின்னர் உடன் ஊழியரோடு சேர்ந்து அன்றைக்குக் கற்பிக்க வேண்டியதைப் பேசித் தயாரித்தல், மொழிப் பயிற்சி என முற்பகலின் பெரும்பகுதி அறைக்குள் கழிகிறது, அதன்பின் தெரு. இரவு 9 மணியளவில் திரும்பி, மறுநாளைத் திட்டமிட்டு, 10.30-க்கு விளக்கணைக்க வேண்டும். 2017-இல் இந்த அட்டவணை சற்றுத் தளர்த்தப்பட்டு, அந்தந்த நாட்டு வழக்கத்துக்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ள இடம் தரப்பட்டதாயினும், திரைப்படம், தொலைக்காட்சி, காதல், நீச்சல் ஆகியவற்றுக்கான தடைகள் அப்படியே உள்ளன. வீடு வீடாகக் கதவு தட்டுவது முன்பு நாளின் முதன்மை வேலையாக இருந்தது. இப்போது கைபேசியில் சமூக ஊடகம் வழியாகத் தொடர்புகளைத் தேடுவதும், சபை உறுப்பினர் அறிமுகப்படுத்துவோரைச் சந்திப்பதும், இலவச ஆங்கில வகுப்பு நடத்துவதும் அதற்கு இணையாக வளர்ந்துள்ளன.

கதவு தட்டும் நாள்களில், ஜப்பானிய அடுக்ககங்களில் கதவு திறப்பது அரிது. வாயிலில் உள்ள பேசுகருவியின் பொத்தானை அழுத்திவிட்டு, மனப்பாடம் செய்த மூன்று நான்கு வாக்கியங்களைத் தலை வணங்கியபடி சொல்லி முடிப்பதற்குள், மறுபக்கத்திலிருந்து மிகப் பணிவான குரல் ஒன்று பேசி ஓய்ந்துவிடும். அந்தப் பணிவு ஒரு மறுப்பு என்று புரிந்துகொள்ளவே புதியவருக்குச் சில வாரங்கள் ஆகும். யாரேனும் உள்ளே அழைத்தால் வேறொரு சோதனை காத்திருக்கும். 1833-இல் அருளப்பட்டதாகச் சபை நம்பும் உடல்நல விதி மது, புகையிலை, காபி, தேநீர் நான்கையும் விலக்குவதால், விருந்தினருக்குப் பச்சைத் தேநீர் தருவதையே மரியாதையாகக் கொண்ட நாட்டில், வீட்டுக்காரப் பாட்டி இரு கைகளாலும் நீட்டும் கோப்பையை மனம் நோகாமல் மறுக்க அவ்விளைஞர் கற்றுக்கொள்ள வேண்டும். வறுத்த பார்லியைக் கொதிக்க வைத்துத் தரும் பானம் தேயிலையில் செய்யப்படாததால் அது தடைக்குள் வராது. கோடையில் அவ்வீடுகளில் குளிர்ந்த நிலையில் தரப்படும் அந்தப் பானம் ஊழியக்காரருக்கு இருவகையிலும் ஆறுதல்.

வெளியார் கவனிக்கத் தவறும் கடினம் உடன் ஊழியரோடு வாழ்வது. இருவரும் எந்நேரமும் ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது விதி. குளியலறை நீங்கலாகத் தனிமை என்பது கிடையாது. ஆண்களை மூப்பர் என்றும் பெண்களைச் சகோதரி என்றும் குடும்பப் பெயரோடு சேர்த்தே அழைக்க வேண்டும் என்பதால், மாதக்கணக்கில் ஒரே அறையில் உறங்கியும் முதற்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளாதவர்கள் உண்டு. யார் யாரோடு, எந்த ஊரில் என்பதை ஊழியத் தலைவர் ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை முடிவு செய்கிறார். மனைவியோடு மூன்றாண்டுக்கு நியமிக்கப்படும் இவரின் பொறுப்பில் பெரும்பாலும் நூறு முதல் இருநூறு இளைஞர்கள் இருப்பர். புதியவரைப் பயிற்றுவிக்கும் முதல் துணையைத் தங்களுக்குள் 'அப்பா' என்றும், புதியவரை 'மகன்' என்றும் சொல்லிக்கொள்வது அவர்களிடையே உள்ள வழக்கு. யூட்டாவின் பண்ணையில் வளர்ந்தவரும் டோங்கா தீவிலிருந்து வந்தவரும், ஜப்பானியர் ஒருவரும் அமெரிக்கர் ஒருவரும், ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுக்காமல், பிடிக்காவிட்டாலும் விலகிப் போக முடியாமல் வாழ்ந்து பழகுகிற இந்த ஏற்பாடே, முழு ஊழியத்திலும் மிக ஆழமான கல்வி என்று சொல்லத் தோன்றுகிறது. தவறுக்கு இடம் தராத காவலாகவே சபை இதை வகுத்திருக்கலாம். பயனோ அதைக் காட்டிலும் பெரிது.

வாரத்தில் ஒரு நாள், துணி துவைக்கவும் மளிகை வாங்கவும் முடிவெட்டிக்கொள்ளவும் மாலை வரை ஓய்வு உண்டு. வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதுவதும் அன்றுதான். ஆண்டுக்கு இரு முறை, கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும் மட்டுமே பெற்றோரோடு பேசலாம் என்றிருந்த விதி 2019 பிப்ரவரியில் நீக்கப்பட்டு, வாரந்தோறும் பேச அனுமதி கிடைத்தது. பதினெட்டு வயதினரைக் கடல் கடந்து அனுப்பும் ஓர் அமைப்பு இதற்கு அத்தனை காலம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செலவைக் குடும்பமே ஏற்கிறது. டோக்கியோவின் வாடகையும் ஏழை நாட்டு வாடகையும் ஒன்றல்ல என்பதால் முன்பு அனுப்பப்படும் இடத்தைப் பொறுத்துச் சுமை மாறியது. 1990-களின் தொடக்கத்திலிருந்து, எங்கே அனுப்பப்பட்டாலும் ஒரே தொகையைப் பொதுநிதியில் செலுத்தும் முறை வந்தது. அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து செல்வோருக்கு 2020 முதல் அது மாதம் 500 டாலர்.

இத்தனை உழைப்பின் பலன் என்ன என்ற கேள்விக்குச் சபை தரும் கணக்கு, ஞானஸ்நானம் பெற்றோரின் எண்ணிக்கை. 2024-இல் உலகெங்கும் சுமார் 3 லட்சத்து 8 ஆயிரம் பேர் புதிதாகச் சேர்ந்தனர் என்றால், ஓர் ஊழியக்காரருக்கு ஆண்டுக்கு நால்வர் என்ற சராசரி கிடைக்கிறது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அது கூடுதல், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் மிகக் குறைவு. எண்ணிக்கையை இலக்காக்கினால் நேரும் கேட்டுக்கும் சபையின் வரலாற்றிலேயே சான்று உண்டு: 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனில் பேஸ்பால் விளையாடக் கூப்பிட்டுச் சிறுவர்களைச் சேர்த்து, ஆட்டத்துக்கான நுழைவுச் சடங்குபோல ஞானஸ்நானம் கொடுத்த ஊழியக்காரர்கள், பின்னர் ஒருவரும் வராத நீண்ட பெயர்ப்பட்டியலைத்தான் விட்டுச் சென்றனர். ஜப்பானிலும் இன்று ஏடுகளில் உள்ள ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் உறுப்பினரில் பெரும்பகுதியினர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதில்லை.

ஆகவே இந்த ஊழியத்தால் உறுதியாக மாறுபவர், கதவைத் திறந்தவரைவிடக் கதவைத் தட்டியவரே எனலாம். ஈராண்டு நாள்தோறும் மறுக்கப்பட்டும், மறுநாள் காலை 6.30-க்கு எழுந்து மீண்டும் புறப்பட்டவரின் நம்பிக்கை, அவர் வாயாலேயே ஆயிரம் முறை சொல்லப்பட்டு அவருக்குள் இறுகிவிடுகிறது. சபைக்கு வாழ்நாள் முழுதும் உழைக்கும் உறுப்பினர் கிடைக்கிறார். உலகுக்கும் சிறிது கிடைக்கிறது. பிரோவோவில் உள்ள சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழக மாணவரில் பாதிக்கும் மேற்பட்டோர் இரண்டாம் மொழி அறிந்தவர்களாக இருப்பதற்கு ஊழியமே முதற்காரணம். தைவானில் ஊழியம் செய்த ஜான் ஹன்ட்ஸ்மன், பின்னாளில் சீனாவுக்கான அமெரிக்கத் தூதராகப் பெய்ஜிங்கில் சீன மொழி பேசிப் பணியாற்றினார். அயல்நாட்டின் ஏழைத் தெருவில் ஈராண்டு நடந்த பணக்கார நாட்டு இளைஞர், எந்தச் சுற்றுலாப் பயணியும் அறியாத அளவுக்கு அந்த ஊரை அறிந்து திரும்புகிறார்.

திரும்ப முடியாமல் போவது அல்ல, முன்கூட்டியே திரும்புவதே இந்த அமைப்பின் ஆறாத புண். மனச்சோர்வு, பதற்றம், நோய், நம்பிக்கையில் எழும் ஐயம் என ஏதோவொரு காரணத்தால் ஆறு வாரத்திலோ ஆறு மாதத்திலோ திரும்புவோர் உள்ளனர். ஊழியம் முடித்தவரே நல்ல மணமகன் என்று கருதும் ஊர்களில், அவர்கள் தலைகுனிந்து நடக்கும்படி ஆகிறது. சபை இதை உணராமலில்லை: ஊழிய வாழ்வின் மன அழுத்தத்தைக் கையாளும் கையேடு ஒன்றை 2013-இல் வெளியிட்டது, வெளியூர் செல்ல இயலாதவர் வீட்டில் இருந்தபடியே உணவு வங்கி போன்றவற்றில் பணியாற்றும் சேவை ஊழியத்துக்கும் இணையான மதிப்புத் தர முயல்கிறது. ஆயினும் விதியை மாற்றுவது போல ஊராரின் பார்வையை ஓர் அறிவிப்பால் மாற்றிவிட முடியாது. ஊழியம் முடித்து வருவோருக்குச் சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் பதாகைகளோடும் பலூன்களோடும் உறவினர் திரண்டு நிற்பது அங்கே அன்றாடக் காட்சி. பாதியில் திரும்பும் பிள்ளையைக் கூட்டிச் செல்லவும் அதே உறவினர் அதே பதாகையோடு வர வேண்டும்.