மென்மையான இழையே போதும்

டூத் பிரஷ் வாங்கும்போது பலர் ‘ஹார்டு’ என்று அச்சிட்டதைத் தேடி எடுக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் ‘மீடியம்’. அடிப்பிடித்த பாத்திரத்துக்குக் கம்பி நார் தேவைப்படுவதுபோல, பல்லுக்கும் விறைப்பான இழை இருந்தால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது. பல்லில் என்ன படிகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த நம்பிக்கை நிற்காது. பல்லுக்கும் ஈறுக்கும் கேடு செய்வது, பாக்டீரியாக்கள் கூடிப் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும் மெல்லிய படலம். அது மென்மையானது; விரல் நகத்தால் வழித்தாலே வந்துவிடும். அகற்றாமல் விட்டால் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, சில நாட்களில் காரையாக இறுகத் தொடங்கும். இறுகிய காரையை எந்தப் பிரஷ்ஷாலும் தேய்த்து எடுக்க முடியாது. பல் மருத்துவரின் கருவிதான் அதற்கு வழி. ஆக, பிரஷ்ஷால் எடுக்கக்கூடியது மென்மையாக இருக்கிறது, கடினமானதைப் பிரஷ்ஷால் எடுக்க முடிவதில்லை. விறைப்பான இழைக்கு வாயில் வேலையே இல்லை.

படலம் எங்கே தங்குகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. நாக்கும் உதடும் கன்னமும் உரசிக்கொண்டே இருக்கும் மேடான பரப்பில் அது அதிகம் சேர்வதில்லை. பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பில், அந்த விளிம்புக்குச் சற்று உள்ளே, பல்லிடுக்கில்தான் சேர்கிறது. ஈறு வீக்கம் தொடங்குவதும் அங்கேதான். அந்தக் குறுகிய இடத்துக்குள் நுழைய இழை மெல்லியதாக இருக்க வேண்டும், வளைய வேண்டும். தடித்த இழை மேட்டிலேயே நின்றுவிடும், இல்லையென்றால் ஈறைக் குத்தும்.

இதைச் செய்து காட்டும் இழை நீண்ட காலம் கிடைக்கவில்லை. 1780 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் ஆடிஸ் பிரஷ் தயாரிப்பைத் தொழிலாகத் தொடங்கியபோதும், அதற்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகளும், இழை என்பது பன்றி முடிதான். முடிக்கு முடி பருமன் மாறும்; நுனி பிளவுபடும்; தண்ணீரை உறிஞ்சித் தளர்ந்துபோகும்; ஈரம் எளிதில் காயாது. 1938-இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் நைலான் இழையோடு முதல் பிரஷ் சந்தைக்கு வந்தது. பருமனை விரும்பியபடி அமைத்துக்கொள்ள அப்போதுதான் வழி பிறந்தது. ஆனாலும் தொடக்கத்து நைலான் மிகவும் விறைப்பாக இருந்ததால் ஈறுகள் புண்பட்டன. மென்மையான நைலான் பிரஷ் பரவலானது 1950-களில்தான்.

இந்த மாற்றத்துக்கு அறிவியல் அடிப்படை தந்தவர்களில் முக்கியமானவர் நியூ ஆர்லியன்ஸின் டூலேன் மருத்துவக் கல்லூரியில் முதல்வராக இருந்த சார்லஸ் பாஸ். அவர் பல் மருத்துவர் அல்லர். மலேரியா, கொக்கிப்புழு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பொது மருத்துவர். நல்ல பிரஷ்ஷின் இழை 0.007 அங்குலம், அதாவது சுமார் 0.18 மில்லிமீட்டர் பருமன் இருக்க வேண்டும், அதன் நுனி உருண்டையாக இருக்க வேண்டும் என்று 1948-இல் எழுதினார். இத்தனை சிறிய அளவில் அப்படி என்ன வேறுபாடு வந்துவிடும் என்று தோன்றலாம். ஓர் இழையின் விறைப்பு அதன் பருமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஒரே நீளமுள்ள இழையை 0.15-இலிருந்து 0.20 மில்லிமீட்டர் ஆக்கினால் விறைப்பு மூன்று மடங்காகும், 0.30 ஆக்கினால் பதினாறு மடங்கு. நுனியும் அதே அளவு முக்கியம். இயந்திரம் வெட்டிய நைலானின் முனை கூரான விளிம்போடு இருக்கும். அதை அரைத்து உருட்டாமல் விட்டால் ஒவ்வொரு தேய்ப்பிலும் ஈறில் நுண்ணிய கீறல் விழும்.

விறைப்பான பிரஷ் கூடுதலாகச் சுத்தம் செய்கிறதே என்று கேட்கலாம். சில ஆய்வுகளில் அது கொஞ்சம் கூடுதலாகப் படலத்தை நீக்கியது உண்மைதான். அதே ஆய்வுகளில் ஈறுச் சிராய்ப்பும் கூடியது. படலம் நாளைக்கும் படியும், நாளைக்கும் நீக்கலாம். இறங்கிவிட்ட ஈறோ தானாக மேலேறி வராது. ஈறு இறங்கினால் வேர் வெளியே தெரியும், அங்கே எனாமல் இல்லாததால் கூச்சம் வரும். இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. பற்பசையோடு தேய்க்கும்போது, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினை மென்மையான பிரஷ்ஷே அதிகம் தேய்த்ததாகச் சில ஆய்வகச் சோதனைகள் காட்டின. மெல்லிய இழை வளைந்து படுத்து, பசையைத் தன்னிடம் பிடித்துவைத்து, கூடுதலான பரப்பில் உரசுகிறது. ஆனால் அந்தத் தேய்மானத்தைச் செய்வது பசையிலுள்ள அராவும் துகள்தான். பசையில்லாத நைலான் பல்லை ஏறக்குறைய தேய்ப்பதே இல்லை. எனவே மாற்ற வேண்டியது இழையை அல்ல: பசையைக் குறைக்க வேண்டும், அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், ‘வெண்மையாக்கும்’ சொரசொரப்பான பசைகளையும் கரித்தூளையும் செங்கல் தூளையும் தள்ளிவைக்க வேண்டும்.

மென்மையான பிரஷ் வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது. கையால் ஒருமுறை துலக்கும்போது படலத்தில் சராசரியாக 42 விழுக்காடுதான் போகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு சொல்கிறது. ஒரு நிமிடம் துலக்கினால் 27 விழுக்காடு, இரண்டு நிமிடம் துலக்கினால் 41. நேராக வெட்டிய இழைகளைவிடச் சாய்த்துப் பதித்த இழைகள் மேலாக இருந்தன என்றும் அதே ஆய்வு காட்டியது. கற்றைகளின் அமைப்பு வெறும் அலங்காரம் அல்ல. ஆயினும் எந்த அமைப்பும், பல்லும் பல்லும் ஒட்டி நிற்கும் இடத்துக்குள் போவதில்லை. அங்கே இடைப்பல் பிரஷ் அல்லது பல் நூல்தான். பிரஷ்ஷை நாற்பத்தைந்து பாகை சாய்த்து, நுனி ஈறின் விளிம்பைத் தொடும்படி வைத்து, சிறு அசைவுகளாகத் தேய்க்கும் பாஸ் முறை இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றுங்கள். அதற்கு முன்பே இழைகள் விரிந்துவிட்டால் கை அதிகமாக அழுத்துகிறது என்று பொருள்.

கடைகளில் தொங்கும் பெரும்பாலான பிரஷ் அட்டைகளில் கைப்பிடியின் வளைவைப் பற்றியும் வண்ணத்தைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறது. இழையின் பருமன் என்ன, நுனி உருட்டப்பட்டதா என்று இருப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் ‘சாஃப்ட்’ இன்னொரு நிறுவனத்தின் ‘மீடியம்’ போல இருந்தால் வாங்குபவருக்கு அதை அறிய வழியில்லை. இழைக் கற்றையின் விறைப்பை அளக்க ஐ.எஸ்.ஓ. 22254 என்ற சர்வதேசத் தர முறையே இருக்கிறது. அந்த அளவையும், இழையின் பருமனை மில்லிமீட்டரிலும் தயாரிப்பாளர்கள் அட்டையில் அச்சிட வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்க வேண்டும்.