மூன்றில் ஒரு கரண்டி

1996-ல் கல்கத்தா ரஸ்ஸல் தெரு ஏலத்தில் மூன்று பெரிய வெள்ளிக் கரண்டிகளை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சும்மா வேடிக்கை பார்க்கப் போகிறவன், அன்று ஏனோ கையைத் தூக்கிவிட்டேன். காம்பின் ஓரத்தில் மெல்லிய செதுக்கு வேலை. நுனியில் பின்னிப் பிணைந்த இரண்டு ஆங்கில எழுத்துகள். விளக்கருகே கொண்டுபோய்ச் சாய்த்தால் அந்த வேலைப்பாடு முழுவதும் மின்னும்.

பின்புறம் பொடிப்பொடியாக முத்திரைகள். நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை, லண்டன். ராஜாவின் தலை, வரி கட்டியதற்கு அடையாளம். 1784 முதல் 1890 வரை குத்தினார்கள். ஆண்டுக்கு ஓர் எழுத்து உண்டு. என்னுடையதில் சின்ன 'பி', அதாவது 1790-91.

இந்தச் செதுக்கு வேலைக்கு அதுதான் நல்ல காலம். உளியின் முனையையே பளபளப்பாகத் தீட்டி, சாய்த்துப் பிடித்து வெள்ளியைச் சீவி எடுப்பார்கள். வெட்டுப்பட்ட ஒவ்வொரு சரிவும் ஒரு குட்டிக் கண்ணாடி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விருந்து நடந்த நாட்கள் அல்லவா! நம் ஊரில் எவர்சில்வர் பாத்திரத்தில் புள்ளி குத்திப் பெயர் வெட்டும்போது உலோகம் அமுங்குமே தவிர வெளியே வராது. இதில் மயிரிழையாகச் சீவி வந்துவிடும். எழுத்து முன்பக்கம் இருப்பதற்கும் காரணம் உண்டு. அதற்கு முந்தைய தலைமுறைகளில் கரண்டியை மேஜையில் கவிழ்த்து வைப்பார்கள். எழுத்து முதுகில் இருக்கும். 1760-களை ஒட்டி நிமிர்த்தி வைக்கும் வழக்கம் வந்ததும் எழுத்தும் முன்னால் வந்துவிட்டது.

இந்த வேலைக்குப் பெயர் போனது ஹெஸ்டர் பேட்மன் என்ற விதவையின் பட்டறை. கணவர் இறந்தபின் 1761-ல் தன் பெயரில் முத்திரை பதிவு செய்து, 1790 வரை தொழிலை நடத்தினார். என் கரண்டிகள் அவருடையவை அல்ல. அந்த ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. வாங்கிய புதிதில் என் மனைவி, "யார் வீட்டு எழுத்தோ, நமக்கெதற்கு? அழித்துவிடுங்களேன்" என்றாள். எனக்கும் சரியென்றே பட்டது. ஒரு கரண்டியை மட்டும் பாலீஷ் கடையில் கொடுத்தேன். மோட்டார் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து, புதுக் கரண்டிபோல் ஆக்கித் தந்தார்கள். எழுத்து போயிற்று. கூடவே வெட்டுகளின் விளிம்பெல்லாம் மழுங்கி, ஓரத்து வேலை மறுநாள் காலைக் கோலம் மாதிரி ஆகிவிட்டது. எழுத்து இருந்த இடத்தைத் தடவினால் லேசாகக் குழி. வாயால் ஊதினால், ஆவி படிந்த அந்த நொடியில் பழைய எழுத்தின் நிழல் தெரிகிறது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டதைத்தான் செய்தார்.

மற்ற இரண்டுக்கும் விபூதிகூடப் போடுவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய வேட்டித் துணி, அவ்வளவுதான். வெட்டுகளுக்குள் கறுப்பு தங்கியிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அந்த மூன்றாவது, பண்டிகை நாளில் பாயசம் பரிமாற வெளியே வரும்.